படியெடுத்தல் என்னும் பழைய வேலை

சீசனுக்குக் குற்றாலத்தில் குளிக்க வந்த என் பேரன் கூடவே ஒரு கேமிங் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அதிலிருந்த 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. நிரம்பிவிட்டது. இப்போதைய விளையாட்டுகளில் சில ஒவ்வொன்றுமே 100 ஜி.பி.க்கு மேல் இடம் கேட்கின்றனவாம். அதை எடுத்துவிட்டு 2 டி.பி. போட வேண்டும் என்றான். புதிதாக வாங்கிய தகட்டை வாங்கிப் பார்த்தேன். அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். அந்தக் காலத்து பஸ் டிக்கெட்டைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். இதன் பூர்வோத்திரத்தை நம் வயதுக்காரர்களுக்காக எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பது இங்கே வாசிப்பவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சில் 'ஓர்தினாத்தர்' என்று பெயர். 1955-இல் ஐ.பி.எம். நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. ரேம் என்பதை அவர்கள் 'உயிருள்ள நினைவு' என்பார்கள். ரோம் என்பது 'இறந்த நினைவு'. கரண்ட் போனால் உயிருள்ளது எல்லாவற்றையும் மறந்துவிடும், இறந்தது மறக்காது. கொஞ்சம் விபரீதமான வேதாந்தம்தான். எஸ்.எஸ்.டி. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: கரண்ட் போனாலும் மறக்காது, வேண்டும்போது அழித்தும் எழுதலாம்.

இதற்கு முன்னோடியான ஹார்டு டிஸ்க் 1956-இல் பிறந்தது. ஐ.பி.எம்.மின் ரமாக் இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 சுழன்றன. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள்தான். மாத வாடகை 3,200 டாலர். 2 டி.பி. என்றால் 2 லட்சம் கோடி எழுத்துகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ நான்கு லட்சம் ரமாக்குகள் இந்தச் சின்னத் தகட்டுக்குள் அடக்கம்!

சுழலும் தட்டே வேண்டாம் என்ற எண்ணத்துக்கு விதை 1967-இல் விழுந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர், மின்னூட்டத்தைக் காப்புப் படலங்களுக்கு நடுவே சிறை வைக்கும் முறையைக் கண்டார்கள். உள்ளே சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் கரண்டை நிறுத்தினாலும் அங்கேயே கிடக்கும். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோகா இதை வளர்த்து, பெரும் பகுதியை ஒரே நேரத்தில் அழிக்கக்கூடிய நினைவகத்தை 1984-இல் வெளியிட்டார். கேமரா பளிச்சென்று வெட்டுவதுபோல் அழிகிறதே என்று அவருடைய சகா ஷோஜி அரிஇசுமி 'ஃபிளாஷ்' என்று பெயர் வைத்தார். பிறகு 1988-இல் அமெரிக்காவில் சன்டிஸ்க் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. 1991-இல் அவர்கள் விற்ற எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவு வெறும் 20 எம்.பி.; விலை சுமார் ஆயிரம் டாலர்.

இவ்வளவு சாமர்த்தியத்திலும் ஒரு பலவீனம் உண்டு. அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தக் காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது. ஆக, எழுதும் தடவைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அழியாத சேமிப்பு என்று எதுவும் இதுவரை வரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் 1990-களில் சம்பளப் பட்டியல்களை ஃபிளாப்பியில் ஏற்றி பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். சில ஆண்டு கழித்துத் திறந்தால் பாதிக்கு மேல் பூஞ்சை. பக்கத்து அலமாரியில் இருந்த, மையால் எழுதிய பேரேட்டைப் பார்த்துத்தான் பென்ஷன் கணக்கு முடிந்தது.

புதியதைப் போட்ட கையோடு பழையதை அழித்து விற்றுவிடலாம் என்பது பேரன் கட்சி. எனக்கு அதில் சம்மதமில்லை. காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியருடைய ஏட்டுச் சுவடிகள் இருப்பதாக அறிந்து உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த பதில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்பது. சாஸ்திரம் அப்படிச் சொல்கிறதாம்! 'என் சரித்திரம்' படித்தவர்கள் அந்த இடத்தை மறக்க மாட்டார்கள். ஓலை செல்லரிக்கும், ஒடியும். ஆகவே புது ஓலையில் படியெடுத்துக்கொண்டு பழையதை நெருப்பிலோ ஆற்றிலோ விடுவது மரபு. முதல் பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் பக்தியோடு செய்து முடித்திருக்கிறார்கள். என்னென்ன நூல்கள் போயினவோ, பட்டியல்கூட நம்மிடம் இல்லை.

லேப்டாப்பிலும் வரிசை இதேதான். வாங்குமுன் அது எம்.2 என்.வி.எம்.இ. வகைதானா, இரண்டாவது இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கேமிங் லேப்டாப்புகளில் இருக்கும். இருந்தால் பழையதைக் கழற்றவே வேண்டாம். இல்லையென்றால் புதியதை யு.எஸ்.பி. உறையில் செருகி, குளோன் செய்யும் மென்பொருளால் முழுதும் படியெடுக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணை முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப்பை முழுதாக நிறுத்தி, சார்ஜரை உருவி, அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிய பின்பே உள்ளே கை வைக்கலாம். ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுவது நல்லது. தகட்டைச் சாய்வாகச் செருகி, அழுத்திப் படுக்கவைத்து, ஒரே ஒரு திருகு. பத்து நிமிட வேலை. புதியதிலிருந்து லேப்டாப் ஒழுங்காகக் கிளம்பி, போட்டோக்கள், கடிதங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று பார்த்த பின்பும் பழையதை ஒரு மாதமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இன்னொன்று. எஸ்.எஸ்.டி.யில் படங்களைப் போட்டு பீரோவில் வைத்து மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கரண்ட் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் சிறையிலிருக்கும் எலக்ட்ரான்கள் மெல்ல நழுவும். நிறையத் தேய்ந்த தகட்டில், அதுவும் வெக்கையில், இன்னும் சீக்கிரம். ஆண்டுக்கு ஒருமுறையாவது செருகி எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது நல்லது. பூஜையில் வைத்த புத்தகத்தைப் பிரிக்கும் விஜயதசமி நாளை நான் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.