கொழுத்தலும் தேறுதலும்: தமிழகத்துக் குதிரைத் தீனியின் வரலாறு



ஜொகூர் பாருவின் இரவுச் சந்தையில் கடலை விற்பவரின் வண்டிமுன் சற்று நின்றால், 'கச்சாங் குடா' என்னும் பெயர் நம் காதில் விழும். நாம் கொண்டைக்கடலை என்று வழங்குவதற்கு மலாய் மொழி இட்ட பெயர் அது. 'கச்சாங்' பயற்றையும் 'குடா' குதிரையையும் குறிக்கும். ஆகவே, குதிரைப் பயறு என்பது அதன் நேர்ப்பொருள். தமிழர் கொள் என வழங்கும் வேறொரு பயற்றை ஆங்கிலேயர் 'ஹார்ஸ் கிராம்' என்றனர். அதன் பொருளும் குதிரைப் பயறே. பயறுகள் இரண்டு, மொழிகளும் இரண்டு. ஆயினும் இரண்டு பெயர்களும் குதிரையின் தீனித்தொட்டியையே சுட்டுகின்றன. அந்தத் தொட்டியில் நம் முன்னோர் எதை இட்டனர், அதனால் குதிரை வாழ்ந்ததா என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்து கொள்வோம். மெலிந்த உடம்பு நலம்பெறுவதை நாம் 'தேறுதல்' என்கிறோம். நோயிலிருந்து எழுந்தவரைக் கண்டு "உடம்பு தேறிவிட்டது" என மகிழ்கிறோம். வெறுமனே சதை வைப்பதற்குத் தமிழ் வழங்கும் சொல் 'கொழுத்தல்'. அதன் பெயர்ச்சொல்லாகிய 'கொழுப்பு' உடம்பின் நிணத்தைக் குறிப்பதோடு செருக்கையும் குறிக்கும். மொழி இவ்வாறு வேறுபடுத்திக் காட்டிய இரண்டு நிலைகளையும் குதிரை லாயங்கள் ஒன்றெனக் கருதியபோது நேர்ந்தது என்ன என்பதை வரலாறு காட்டுகிறது.

கடல்வழி வந்த விலங்கு

தமிழகம் குதிரை வளர்ப்புக்கு இயல்பாக அமைந்த நிலம் அன்று. அகன்ற புல்வெளிகளும் குளிர்ந்த வறண்ட காற்றும் இங்கு அரிது. காவிரிப்பூம்பட்டினத்து வளத்தை விரித்துரைக்கும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளை முதலிலேயே வைத்து எண்ணுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் காண்கிறோம். மரக்கலத்தின் அடித்தளத்தில் பல நாள் நின்று, நீரும் புல்லும் அளந்து பெற்று வந்திறங்கும் விலங்கு மெலிந்தே இருக்கும். ஆகவே குதிரையை வாங்கிய அரசன்முன் நின்ற முதற்பணி அதனைத் தேற்றுவதே.

தீனியின் வேறுபாட்டைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து நோக்கியுள்ளது. புறநானூற்றின் 299ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. குதிரைமறம் என்னும் துறையில் அமைந்தது. அதில் இரண்டு வகைக் குதிரைகள் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. பருத்தியை வேலியாக உடைய சிற்றூர்த் தலைவனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்நடை நடப்பது. மருதநில வளமுடைய வேந்தரின் குதிரைகளோ நெய் பெய்து மிதித்த உணவை உண்டு, பிடரிமயிர் கத்தரிக்கப்பட்டு, மாலையணிந்து நிற்பவை. போர் மூண்டபோது, கடலைப் பிளந்து செல்லும் தோணிபோலப் படையைப் பிளந்தது சக்கை தின்ற குதிரை. நெய்யுணவு உண்டவை அஞ்சி ஒதுங்கி நின்றன.

இப்பாடலை வீரத்தின் சான்றாகவே வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். அது தவறன்று. ஆயினும் இரண்டு தீனிகளின் பெயர்களை இவ்வளவு துல்லியமாகக் கூறும் புலவர், லாயத்தை நேரில் அறிந்தவர் என்பதையும் உணர்த்த வேண்டும். பட்டினி நன்று என்று அவர் கூறவில்லை. தளர்நடை என்று சொல்வதால் அக்குதிரையின் மெலிவை அவர் மறைக்கவில்லை என்பது தெளிவு. பளபளக்கும் உடம்பு வேறு, களத்துக்கு உதவும் உடம்பு வேறு என்பதே அவர் காட்டும் உண்மை.

காயல் துறையில் இறங்கிய பொன்

அந்த உண்மை மறக்கப்பட்டதன் விலையை 13ஆம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டில் காண்கிறோம். முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் தாமிரபரணியின் கழிமுகத்திலிருந்த காயல் துறைமுகம் அரபு, பாரசீகக் குதிரைகளின் பெருஞ்சந்தையாக விளங்கியது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் தரும் கணக்கின்படி, கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுதீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுத்தது.

அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரை என்ன ஆயிற்று? 1290களின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கும் அரசனிடம் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்று எழுதினார். இறைச்சியோடு வேகவைத்த சோறே அவற்றுக்கு உணவு என்பது அவர் தரும் செய்தி. வசாப் கூறுவது வேறு. பச்சை வாற்கோதுமைக்கு மாற்றாக, வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைப் பருகச் செய்தனர். கொழுப்பதற்காக நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் கட்டி வைத்தனர். பின்னர்ப் பயிற்சி ஏதுமின்றி ஏறி ஓட்டினர். வலிய குதிரைகள் விரைவில் சோர்ந்து பயனற்றுப் போயின என்கிறார் அவர்.

இச்சான்றுகளை அப்படியே ஏற்கலாகாது. வசாப் இந்நாட்டுக்கு வந்தவர் அல்லர். வணிகர் வாய்மொழியே அவருக்கு ஆதாரம். எண்கள் மிகைப்பட்டிருக்கலாம். ஆனால் தீனியைப் பற்றிய செய்தி, பொன்முடியார் குறித்த நெய்மிதி உணவோடு வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகிறது. விருந்தினர்க்கு எது உயர்ந்ததோ அதையே விலங்குக்கும் ஊட்டினர். அங்கே குறைந்தது அன்பன்று, அறிவு.

அந்த அறிவு ஏன் வந்து சேரவில்லை? மார்க்கோ போலோ ஒரு காரணம் கூறுகிறார். குதிரை மருத்துவம் அறிந்த லாடக்காரர் இந்நாட்டில் இல்லை. வெளியிலிருந்து அவர்கள் வராதபடி குதிரை வணிகரே பார்த்துக்கொண்டனர். குதிரை இறந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும். பொருளை விற்று, அப்பொருளைப் பேணும் அறிவை மறைத்து வைக்கும் வணிகத்துக்கு இது ஒரு பழைய சான்று.

பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொன்னை மாணிக்கவாசகர் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டதையும், நரிகள் பரிகளாகி வந்து இரவில் மீண்டும் நரிகளானதையும் திருவிளையாடற் கதைகள் கூறுகின்றன. அது இறைவனின் அருள் விளையாட்டைப் போற்றும் கதை. எனினும், கருவூலத்துப் பொன் ஒரே இரவில் லாயத்திலிருந்து மறையும் அச்சம் அக்கதையைக் கேட்டோர்க்குப் புதிதாக இருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

குடல் கூறும் விடை

இன்றைய கால்நடை அறிவியல் இம்முடிவுகளை எளிதாக விளக்குகிறது. குதிரையின் இரைப்பை சிறியது. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். அதனால் வாந்தி எடுக்கவும் இயலாது. உணவின் நாரைப் புளிக்கவைத்து ஆற்றலாக்கும் பணி குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடைபெறுகிறது. அளவுக்கு மீறிய மாவுப்பொருள் அங்கே சென்றால் அமிலம் மிகுந்து, வயிற்றுவலியும் குளம்பின் உள்ளழற்சியும் தோன்றும். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. வளர்ந்த குதிரைக்குப் பாற்சர்க்கரை செரிக்காது. இறைச்சியோ அதன் இயல்புக்கே ஒவ்வாதது.

மெலிந்த குதிரையைத் தேற்றும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. பல் தேய்ந்து கூராகியுள்ளதா, குடற்புழு உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, புல்லும் வைக்கோலும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்குக் குறையாத உலர்புல் தேவை; 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 6 கிலோ. தானியம் அதற்குப் பின்னரே, சிறுசிறு வேளைகளாகப் பிரித்துத் தரப்படும். ஆற்றல் போதாவிடில் தாவர எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். வியர்வையில் இழந்த உப்பையும் ஈடுசெய்வர். எந்த மாற்றமும் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக நிகழ வேண்டும். நெடும்பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரே நாளில் தானியம் நிறைய இடுவது பேராபத்து. உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோலை ஹென்னெக் என்பவர் 1983இல் அமைத்தார். அதில் 5 நடுநிலை, 9 மிகுகொழுப்பு. உச்ச எண் உயர்ந்த நலத்தைக் குறிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்நோக்கில், புறநானூறு எளியதாகக் காட்டும் உழுந்துச் சக்கை நார் மிகுந்த தீனி. அது மட்டும் போதாது. எனினும், நெய்யுணவைவிட அது குதிரையின் குடலுக்கு நெருங்கியது.

கொள்ளும் காணமும்

பிற்காலத்தில் தென்னாட்டுக் குதிரைகளின் நிலையான தானியமாகக் கொள் அமைந்தது. ஏறத்தாழ 22 விழுக்காடு புரதம் கொண்ட அதனை ஊறவைத்து, வேகவைத்து, ஆறவிட்டு இட்டனர். பச்சைப் பயற்றில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களை வேகவைத்தல் குறைக்கிறது. போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்த 'கிராம்' என்பது வட இந்தியாவில் கடலையையும் சென்னை மாகாணத்தில் கொள்ளையும் குறித்தது. அக்காலச் சென்னையில் குதிரைக்காரரோடு புல்லறுப்பவர் ஒருவரும் பணியில் இருந்தார். தானியத்துக்கு முன் புல் என்னும் வரிசை அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

"இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்" என்பது நம் பழமொழி. மனிதனின் கொழுப்பைக் குறைப்பதென்று கருதிய பயற்றையே குதிரையைத் தேற்றவும் தேர்ந்தனர். உண்பவரை அறிந்து ஊட்டுவதே ஊட்டுதல் என்ற தெளிவு அதில் இருக்கிறது. கொள்ளுக்குத் தென்மாவட்டங்களில் 'காணம்' என்றும் பெயர். பழந்தமிழில் காணம் பொற்காசுக்கும் பெயர். பொன்னாகிய காணத்தால் குதிரையை வாங்கலாம். அதை வாழவைப்பது பக்குவம் அறிந்து இட்ட தானியக் காணமே.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை 299ஆம் பாடலைக் கற்பிக்கும்போது, "எந்தக் குதிரை வென்றது?" என்பதோடு நிறுத்தாமல், "அது என்ன தின்றது? ஏன்?" என்றும் மாணவரைக் கேளுங்கள். விடைதேடி அவர்கள் உயிரியல் வகுப்புக்கும், காயல் துறைக்கும், நம் ஊர் இரவுச் சந்தையின் கச்சாங் குடா வண்டிக்கும் செல்வார்கள்.