தச்சனின் தோற்பை

புனே நகரின் வானவடியில் வாழும் தமிழ் அன்பர்கள் அங்குள்ள சிந்தே சத்ரி என்னும் நினைவாலயத்தை நன்கு அறிவர். மராட்டியப் படைத்தலைவர்களுள் பெரும்புகழ் பெற்ற மகாதாஜி சிந்தே 1794 பிப்ரவரி 12 அன்று வானவடியிலேயே உயிர் நீத்தார். அவரது குதிரைப்படையின் வலிமையை வாளிலும் ஈட்டியிலும் காண்பது நம் வழக்கம். ஆயின் சேணமும் கடிவாள வாரும் தண்ணீர்த் துருத்தியும் இன்றி எந்தக் குதிரைப்படையும் நெடுந்தொலைவு சென்றதில்லை. இவை யாவும் தோல் தைப்பவர் கைவேலை. வண்டிச் சக்கரம் முறிந்தாலோ தச்சன் வேண்டும். இவ்விரு தொழிலும் ஒன்றுகூடும் எளிய பொருள் ஒன்று உண்டு. அதுவே தச்சன் தன் கருவிகளைச் சுமக்கும் தோற்பை.

உளி, வாய்ச்சி, இழைப்புளி, துரப்பணம் ஆகியவை துணிப்பைக்குள் நெடுநாள் அடங்கியிருப்பதில்லை. உளியின் வாய் துணியைக் கிழித்துவிடும். நனைந்த சாக்கோ இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். தடித்த தோல் கூர்மையைத் தாங்கும். நாளடைவில் கருவிகளின் வடிவுக்கேற்ப இசைந்தும் கொடுக்கும்.

அத்தோலைப் பக்குவப்படுத்துவது மரமும் செடியுமே. தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. கோலாப்பூர்ச் செருப்புக்கான தோலைக் கருவேலம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிடுவர். நாம் கடுக்காய் என்பதையே மராட்டியர் ஹிரடா என்பர். அச்செருப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநிறம் பிறக்கும். முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி மை காய்ச்சியது இம்முறையாலேதான். ஆதலின் கருவிகளைத் துடைத்து எண்ணெய் பூசிய பின்னரே பையில் இடுதல் நன்று.

இத்தோலின் வரலாற்றில் இழப்பும் உண்டு. சென்னையிலிருந்து கப்பலேறிய 'கிழக்கிந்தியத் தோல்' அரைகுறையாகப் பதனிட்ட சரக்கு. அதனை மெருகேற்றிப் பொருளாக்கும் வேலையும் ஊதியமும் கடல் கடந்தவர்க்கே சென்றன. 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1972-இல் சீதாராமையா குழு தந்த பரிந்துரையை ஏற்று, அரைகுறைத் தோலின் ஏற்றுமதியை 1973 முதல் அரசு கட்டுப்படுத்தியது. அதன்பின் முழுமையான பொருள்களை இங்கேயே செய்யும் தொழில் பெருகிற்று.

இதனினும் பெரிய இழப்பை நம் கையாலேயே நாம் தேடிக்கொண்டோம். தச்சர் தம்மை விசுவகர்மாவின் வழியினர் என்று பெருமையுடன் கூறினர். அவருக்குப் பை தைத்தவரையோ ஊருக்குப் புறத்தே நிறுத்தினோம். பையைத் தோளில் ஏற்றினோம். தைத்தவரைத் திண்ணையில் ஏற்றவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. ஆயினும் சட்டம் மாற்றும் வேகத்தில் மனம் மாறுவதில்லை.

பிறமாநிலத்தில் கைத்திறனையே முதலாகக் கொண்டு வாழும் நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். நம் உழைப்பை மதித்து, பெயர் சொல்லி அழைப்பவரையே நாம் நல்லோர் என்கிறோம். கையால் தைத்த பை ஒன்றை வாங்கும்போது தைத்தவரின் பெயரை நாமும் கேட்டறிவோம். அவர் சொல்லும் நியாய விலையைக் குறைக்காது கொடுப்போம். மூட்டுவாய் பிரிந்தால் அவரிடமே மீண்டும் செல்வோம்.