பெட்டியும் பயிற்சியாளரும்: 'கோச்' என்ற சொல்லின் கதை

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில், திருமுல்லைவாயிலை அடுத்து வரும் நிலையம் அண்ணனூர். புறநகர் மின்தொடர் வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனை இங்கே இருக்கிறது. அங்கு வரிசையாக நிற்கும் பெட்டிகளைக் 'கோச்' என்கிறோம். கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பழக்குபவரையும் 'கோச்' என்கிறோம். தேர்வுக்குத் தயார் செய்யும் வகுப்போ 'கோச்சிங்'. பெட்டிக்கும் ஆசிரியருக்கும் என்ன உறவு? ஒலியால் மட்டும் ஒத்த இரு சொற்களா இவை?

அல்ல, இரண்டும் ஒரே சொல்தான். அதன் பிறப்பிடம் இங்கிலாந்தும் அன்று. ஹங்கேரி நாட்டிலுள்ள 'கொச்' என்னும் சிற்றூர். வியன்னாவுக்கும் புடா நகருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் இருந்த அவ்வூரில், 15ஆம் நூற்றாண்டில் எடை குறைந்த, விரைந்து செல்லக்கூடிய குதிரை வண்டிகளைச் செய்தனர். நாம் மதுரைக்காரர், காஞ்சிப் பட்டு என்று ஊரைச் சேர்த்துச் சொல்வதுபோல, ஹங்கேரியர் அவ்வண்டியைக் 'கொச்சி' என்றனர். 'கொச் ஊருடையது' என்பது பொருள். வண்டி சென்ற நாடெல்லாம் பெயரும் சென்றது. ஜெர்மானியர் 'குட்ஷெ' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'கோஷ்' என்றனர். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் 'கோச்' ஆயிற்று.

1830ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் இரயில் பரவியபோது, பயணப் பெட்டிகளைக் குதிரைவண்டியின் அமைப்பிலேயே கட்டினர். ஆகவே பழைய பெயரே புதிய ஊர்திக்கும் நிலைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் கேலியாக வேறொரு பொருளைப் படைத்தனர். வண்டி பயணியை ஊர் சேர்ப்பதுபோல, மாணவனைத் தேர்வு என்னும் கரை சேர்ப்பவர் அல்லவா தனி ஆசிரியர்? அவரையும் 'கோச்' என்றனர். 1860களில் இப்பெயர் விளையாட்டுத் துறைக்கும் வந்தது.

நம் நாட்டில், இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை 1856 ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அண்ணனூர் வழியே செல்வது அந்தப் பாதையே. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெயரில், நடு எழுத்து குறிப்பது இந்தக் 'கோச்'தான். இலங்கைத் தமிழர் பேச்சில் 'கோச்சி' என்றால் முழு இரயிலே! சிங்களத்திலும் அது 'கோச்சிய' எனப்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஹங்கேரியின் 'கொச்சி'யைக் கேட்டதும் கேரளத்துக் கொச்சி நினைவுக்கு வரலாம். ஒலி ஒன்றே, உறவு சிறிதும் இல்லை. மாறாக, பெட்டியும் பயிற்சியாளரும் பொருளில் எட்ட நின்றாலும் உடன்பிறப்புகள். ஒலி ஒற்றுமை மட்டும் சான்றாகாது. ஒரு சொல் எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தப் பொருளில் வழங்கிற்று என்று படிப்படியாகக் காட்டவேண்டும். சொல்லாராய்ச்சி ஊகமாக நின்றுவிடாமல் அறிவியலாவது அப்போதுதான். நம் தமிழ்ச் சொற்களின் வேர் தேடும்போதும் இவ்விதியை மறக்கலாகாது.

அடுத்த முறை புறநகர் வண்டியில் அமரும்போது எண்ணிப் பாருங்கள்: நம்மைச் சுமந்து செல்லும் பெட்டியின் பெயரில், தச்சர்கள் வாழ்ந்த ஒரு சிற்றூரின் பெயரும் உடன் வருகிறது.