இருட்டறையில் உருவான சான்று: யூஜின் ஸ்மித்தின் கறுப்பு வெள்ளை ஒளிப்பட ஆவணங்கள்

ஒளிப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கையாளும் ஆய்வாளர்கள், அதை எடுத்தவர் யார், எங்கு, எப்போது எடுத்தார் என்னும் வினாக்களையே முதன்மையாக எழுப்புகின்றனர். படச்சுருள் காலத்தில் ஒரு படம் இருமுறை உருவானது என்பது இவ்வினாக்களுக்குள் அடங்குவதில்லை. முதலில் அது நெகட்டிவில் பதிந்தது. பின்னர் இருட்டறையில் தாளின்மீது மீண்டும் ஆக்கப்பட்டது. இந்த இரண்டாம் ஆக்கம் சான்றின் தன்மையை எந்த அளவிற்கு மாற்றவல்லது என்பதை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டபிள்யூ. யூஜின் ஸ்மித்தின் (1918–1978) படைப்புகள் வழியே அறியலாம்.

ஸ்மித்தின் களப்பணிக்கு ஓர் அடிப்படை நோக்கம் இருந்தது. படம் எடுப்பவர் அங்கு இல்லாதது போன்ற தோற்றத்தைப் படம் தர வேண்டும் என அவர் விரும்பினார். 'லைஃப்' இதழில் 1948 செப்டம்பரில் வெளிவந்த 'கிராமத்து மருத்துவர்' கட்டுரைக்காகக் கொலராடோ மாநிலத்தின் கிரெம்லிங் என்னும் சிற்றூரில் மருத்துவர் எர்னஸ்ட் செரியானியுடன் அவர் 23 நாள்கள் தங்கினார். தொடக்கத்தில் கேமராவில் படச்சுருளே இல்லாமல் படம் எடுப்பதுபோல் நடித்து, மருத்துவரைக் கேமராவுக்குப் பழக்கினார் என்று கூறப்படுகிறது. தம்மை மறைத்துக்கொள்வதற்கான பொறுமை என இதைக் கொள்ளலாம்.

அந்தப் பொறுமை இருட்டறையிலும் தொடர்ந்தது. நெகட்டிவில் பதியும் ஒளி வேறுபாடுகள் அனைத்தையும் அச்சுத்தாள் ஒருசேர ஏற்பதில்லை. எனவே சில பகுதிகளுக்கு ஒளியை மறைத்தும் சிலவற்றுக்குக் கூட்டியும் அச்சிடுவது எல்லா ஒளிப்படக்காரர்களுக்கும் பொதுவான முறை. ஸ்மித் அதைத் தாண்டிச் சென்றார். படத்தின் பெரும்பகுதியைக் கடுங்கருமையில் ஆழ்த்தி அச்சிட்டபின், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலைத் தூரிகையில் தோய்த்து, வேண்டிய இடங்களில் வெள்ளித்துகளைக் கரைத்து வெண்மையை மீட்டார். முகத்தின் ஒரு பக்கம், கையின் விளிம்பு, கண்ணின் வெண்பகுதி ஆகியன இவ்வாறு இருளிலிருந்து வெளிப்பட்டன. ஒரே படத்தைச் செம்மைப்படுத்த அவர் நாள்கணக்கில் உழைத்ததுண்டு.

1950-இல் ஸ்பெயின் நாட்டின் தெலேய்தோசா என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்டு, 1951 ஏப்ரல் 9 இதழில் வெளியான 'ஸ்பானியக் கிராமம்' கட்டுரையில் இம்முறையின் சிக்கல் வெளிப்படுகிறது. அதில் இடம்பெற்ற இழவு வீட்டுப் படத்தில் முதியவரின் உடலைச் சூழ்ந்து பெண்கள் அமர்ந்துள்ளனர். நெகட்டிவில் அவர்களுள் இருவர் கேமராவை நோக்குகின்றனர். ஸ்மித் அவ்விருவரின் கண்களைக் கருமையாக அச்சிட்டு, பின்னர் தூரிகையால் புதிய வெண்பகுதிகளை உருவாக்கி, பார்வையை வேறு திசைக்குத் திருப்பினார். இது சிறிய திருத்தம் எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் அந்தப் பார்வைதான் துக்க வீட்டிற்குள் அயலார் ஒருவர் நுழைந்திருந்தார் என்பதற்கான சான்று. பார்வையைத் திருப்பியபோது அந்தச் சான்று அழிந்தது. களத்தில் பொறுமையால் எய்த இயலாத மறைவு இருட்டறையில் எய்தப்பட்டது.

1954 நவம்பரில் வெளியான ஆல்பர்ட் ஷ்வைட்சர் பற்றிய கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி சென்றார். முதற்படத்தின் கீழ் வலப்புற மூலையில் நிழலுருவாகத் தெரியும் கையும் இரம்பப் பிடியும் வேறொரு நெகட்டிவிலிருந்து சேர்க்கப்பட்டவை. நெகட்டிவில் உள்ளதை வெளிக்கொணர்வதும் அதில் இல்லாததைச் சேர்ப்பதும் வேறுவேறு செயல்கள். ஸ்மித்தைப் போற்றுவோர் இரண்டையும் கலைஞரின் உரிமை என்னும் ஒரே சொல்லால் காப்பது ஏற்கத்தக்கதன்று. அக்கட்டுரையின் பக்க அமைப்பு குறித்து எழுந்த முரண்பாட்டால் அவர் 'லைஃப்' இதழைவிட்டு விலகினார் என்பது இங்குக் கருதத்தக்கது. பதிப்பாசிரியரின் தலையீட்டை மறுத்தவர், தம் தலையீட்டைப் பற்றி வாசகருக்கு அறிவிக்கவில்லை.

அதன்பின் பிட்ஸ்பர்க் நகரைப் பற்றி 100 படங்கள் எடுக்க 1955-இல் சென்றவர் ஆயிரக்கணக்கான நெகட்டிவுகளைச் சேர்த்தார். முழுமையான நூல் அவர் காலத்தில் உருவாகவில்லை.

ஜப்பானின் மினமாதாவில் அவருடைய நிலைப்பாடு மாறியது. அங்குச் சிசோ நிறுவனம் 1932 முதல் 1968 வரை அசெட்டால்டிஹைடு உற்பத்தியில் பாதரசத்தைப் பயன்படுத்தியது. கழிவுநீரில் கலந்த மெத்தில் பாதரசம் மீன்கள் வழியே மக்களைத் தாக்கியது. நோய் 1956-இல் அலுவல்முறையில் பதிவாயிற்று. அதன் காரணத்தை அரசு 1968-இல்தான் ஏற்றது. 1971-இல் ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீனும் அவ்வூருக்குச் சென்று, மூன்றாண்டு காலம் அம்மக்களிடையே வாழ்ந்தனர். 1972 சனவரியில் சிபா மாநிலத்திலுள்ள அந்நிறுவனத்தின் ஆலையில் ஸ்மித் தாக்கப்பட்டுக் கடுங்காயமுற்றார். 1975-இல் வெளிவந்த 'மினமாதா' நூலில், இதழியலிலிருந்து முதலில் நீக்க வேண்டிய சொல் புறநிலை என்பதே என அவர் எழுதினார். முன்பு தம்மைப் படத்திலிருந்து நீக்கியவர் இங்கு ஒரு தரப்பாகவே நின்று பேசினார். அச்சிடும் முறையோ பெரிதும் மாறவில்லை. அடர்ந்த கருமையும் மீட்கப்பட்ட வெண்மையும் தொடர்ந்தன.

1971 டிசம்பரில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற குளியல் படத்தில், கருவிலேயே நஞ்சு தாக்கிய மகளைத் தாய் நீரில் ஏந்தியிருக்கிறார். தாயின் பார்வை மகள்மீதே உள்ளது. கேமராவை எவரும் நோக்கவில்லை. படம் எடுப்பவர் இல்லாதது போன்ற அதே தோற்றம் இதிலும் அமைந்துள்ளது. ஆயினும் இப்படம் தாயின் இசைவோடு எடுக்கப்பட்டது. தெலேய்தோசாவின் பெண்களிடம் அத்தகைய இசைவு பெறப்பட்டதா என்பதைப் படம் கூறுவதில்லை. அவ்வினாவை எழுப்பக்கூடிய பார்வையும் அதில் அழிக்கப்பட்டுள்ளது.

மினமாதாவின் மகள் 1977-இல் இறந்தார். படமோ உலகெங்கும் சுவரொட்டிகளிலும் நூல்களிலும் தொடர்ந்து வெளியாயிற்று. 1998-இல் அய்லீன் ஸ்மித், அதன் பயன்பாட்டை முடிவு செய்யும் உரிமையைப் பெற்றோரிடம் ஒப்படைத்து, புதிய வெளியீடுகளுக்கு இசைவளிப்பதை நிறுத்தினார். மகளுக்கு ஓய்வு வேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பம். நெகட்டிவும் அச்சும் ஒளிப்படக்காரருக்கே உரியன என்னும் வழக்கமான எண்ணத்தை இம்முடிவு மறுத்தது.

ஸ்மித்தின் ஆவணத் தொகுப்பு அரிசோனாவின் டூசான் நகரிலுள்ள படைப்பொளிப்பட மையத்தில் பேணப்படுகிறது. அச்சுகளோடு நெகட்டிவுகளும் அங்கு எஞ்சியதனால்தான் இழவு வீட்டுப் பெண்கள் இருவரும் உண்மையில் எத்திசையில் பார்த்தனர் என்பதை ஆய்வாளர்கள் அறிய முடிந்தது.