மேடை யாருக்கு? மார்கழி சபாவும் தாமிரபரணிக் கொடையும்

மார்கழி மாசத்தைச் சங்கீதத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டதாக ஒரு நினைப்பு ரொம்ப காலமாக இங்கே இருக்கிறது. அந்தப் பட்டா ஒன்றும் ஆதிகாலத்துப் பட்டா அல்ல. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதோடு சேர்ந்து ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாதமி பிறந்தது. டிசம்பர் சீசன் அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. ஆனால் அந்த மேடையில் எந்தப் பாட்டு சங்கீதம், எந்தப் பாட்டு வெறும் சத்தம் என்று தீர்ப்புச் சொன்னவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

2020இல் அந்த மார்கழிக்குள்ளேயே நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைக் கொண்டுவந்து வைத்தது. அடுத்த வருசம், 2021 டிசம்பர் 18இல் மதுரை, 19இல் கோவை, பிறகு 24 முதல் 31 வரை எட்டு நாள் சென்னை. ஒப்பாரியும் கானாவும் பறையும் மேடையேறின. இதற்கு முன்னோட்டம் 2018 ஜனவரி 6. அன்றைக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முதலாகப் பாடியது. பத்தொன்பது பேர். அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். எழவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கிய கானாவும் ராப்பும் கிடாரும் ஒன்றாகச் சேர்ந்து இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடின.

பத்திரிகைகள் இதை 'மாற்று இசை' என்று எழுதின. எதற்கு மாற்று? சபா சங்கீதத்துக்கு மாற்று என்றால் அது பாதிப் பதில்தான். மீதிப் பதில் சென்னையில் இல்லை, திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது.

தாமிரபரணிக் கரையில் மேடைக்குப் பஞ்சமே கிடையாது. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று ஊருக்கு ஊர் கொடை. கொடை என்றால் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகம், கணியான் கூத்து. கணியான் கூத்தில் அண்ணாவி பாடுவார், இரண்டு பேர் மகுடம் அடிப்பார்கள், இரண்டு ஆண்கள் பெண்வேடம் கட்டி ஆடுவார்கள். சுடலைக்குக் கைவெட்டு என்று ஒரு சடங்கு உண்டு. கணியான் தன் உடம்பைக் கீறி ரத்தம் கொடுக்க வேண்டும். ஆட்டமும் அவனுடையது, பாட்டும் அவனுடையது, ரத்தமும் அவனுடையது. ஊர் மட்டும் அவனுடையது இல்லை!

பறைக்கு இதைவிடக் கொடிய வரலாறு. ஊரில் துட்டி விழுந்தால் சேதி சொல்லப் போகணும், கொட்டடிக்கணும். "வர முடியாது சாமி" என்று சொல்லும் உரிமை கிடையாது. கூலி என்பது அவர்கள் அளந்து போடுவது. ஆகவே மேடை இல்லாதது நம் சிக்கலாக இருந்ததே இல்லை. மறுக்க முடியாதது, பேர் இல்லாதது, கூலி பேச முடியாதது, இவைதான் சிக்கல்.

இதனால்தான் நம் இயக்கங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. பறை அடிமைச் சின்னம், கீழே போடு என்றது ஒரு தரப்பு. இல்லை, அது நம் கலை, நாமே விரும்பி எடுத்து விடுதலைக்கு அடிப்போம் என்றது இன்னொரு தரப்பு. 1990களில் மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலைவிழா நடத்தியது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இரண்டு தரப்பும் சொன்னது ஒரே நியாயத்தைத்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. கொட்டை மறுக்க முடிந்தவன் அடிக்கும்போதுதான் அது கலை. மறுக்க முடியாதவன் அடித்தால் அது ஊழியம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை முத்துப்பட்டன் கதை சொல்லும். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவன்தான் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்தவன். வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள்மேல் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைக்கப் பழகி அவர்களைக் கட்டினான். இன்றைக்கும் சனங்கள் அவனுக்குச் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். இந்தக் கதை வில்லில் ஊர் ஊராகப் போனது. போகப் போக ஒரு திருத்தமும் ஏறியது: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தாராம்! நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது இந்த இடைச்செருகலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பாட்டை ஒழிக்க முடியாவிட்டால் பாட்டுக்குள்ளே இருக்கும் சாதிமீறலை ஒழித்துவிடுவது. எவ்வளவு நேர்த்தியான வேலை பாருங்கள்.

அந்த மலையிலிருந்து இறங்கும் ஆறுதான் 1999 ஜூலை 23இல் கொக்கிரகுளத்தில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக ஊர்வலம் வந்த பதினேழு பேரைப் பிணமாகத் தந்தது. கைக்குழந்தையும் அதில் உண்டு. இந்த ஆற்றங்கரையில் பாட்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல. கொடை ஒலிபெருக்கியில் சாதிப்பெருமைப் பாட்டைப் போட்டுச் சண்டை மூட்டுகிறார்கள். ஆடல் பாடலுக்கு அனுமதி கொடுக்கும்போது சாதிப் பாட்டு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே நிபந்தனை போட வேண்டியிருக்கிறது.

2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் பெண்வேடக் கூத்துக்காரரான தகப்பனாக நடித்த நெல்லை தங்கராஜ், வாழ்க்கையிலும் பெண்வேடம் கட்டி ஆடிய கலைஞர்தான். படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. ஆனால் அவருக்கு ஒழுங்கான வீடு அமையக்கூட மற்றவர்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது. 2023இல் அவர் காலமானார். கைதட்டல் வேறு, கஞ்சி வேறு.

ஆகவே சென்னையின் அந்த எட்டு நாளை நாம் கொண்டாடுவோம், ஆனால் சரியான காரணத்துக்காகக் கொண்டாடுவோம். அங்கே மக்களிசைக்கு மேடை கிடைத்தது என்பதல்ல சாதனை. கொட்டுக்காரன் தன் பேரோடு, பேசின கூலியோடு, தான் பாட நினைத்ததைப் பாடிவிட்டு, யாரையும் கும்பிடாமல் இறங்கிப் போனான் என்பதுதான் சாதனை.

இது மார்கழியோடு முடிந்தால் போதாது. ஆடியிலும் சித்திரையிலும் கொடை நடக்கும் ஊர்களில் நோட்டீசில் சாமியாடி பேரும் வரிதாரர் பேரும் அச்சாகிறதே, மகுடம் அடிக்கிறவர் பேரும் அச்சாகணும். கூலி முன்கூட்டியே பேசி எழுதப்படணும். பொம்மக்காவும் திம்மக்காவும் பகடையின் மகள்களாகவே பாடப்படணும். மாணவத் தோழர்கள் ரெக்கார்டரோடு போகும்போது பாட்டை மட்டும் எடுத்து வராமல், "இதுக்கு எவ்வளவு குடுத்தாக, அண்ணாச்சி? வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்ற கேள்வியையும் கேட்டு எழுதி வரட்டும். அந்தப் பதில்களும் சேர்ந்ததுதான் நம் இசையின் வரலாறு.