ஒளிமானியும் மட்டாஞ்சேரியின் வெண்சுவரும்

ஒளிமானி இல்லாத பழைய படச்சுருள் கேமராவை விடுத்து, அது உள்ளமைந்த ஒன்றுக்கு மாறலாமா என்னும் கேள்வி புதியதன்று. 1936இல் வெளிவந்த கான்டாக்ஸ் III, செலினிய ஒளிமானியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. எனினும் 1954இல் வந்த லைக்கா எம்3இல் அது இடம்பெறவில்லை. வேண்டுவோர் தனி ஒளிமானியை மேலே பொருத்திக்கொண்டனர். லென்ஸ் வழியே ஒளியை அளக்கும் வசதி அவ்வரிசைக்கு 1971இல், எம்5உடன்தான் வந்தது.

இத்தாமதத்தைப் பின்தங்கலாக மட்டும் கொள்ள இயலாது. நல்ல வெயிலில் எஃப்/16, படச்சுருளின் வேகத்தை ஒட்டிய ஷட்டர் நேரம் என்னும் கணக்கு ஒளிப்படக்காரர்களுக்கு மனப்பாடம். கருவியோ, தன்முன் உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொண்டே அளக்கிறது. 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தின் வெண்சுவர் சட்டகத்தை நிறைத்தால், அதன் சொற்படி எடுத்த படத்தில் சுவர் சாம்பலாகும். மிளகுப் பண்டகசாலையின் இருளோ தேவைக்கு மேல் வெளிறும்.

ஆவணமாகப் படங்களை வாசிக்கும் நமக்கு இது சிறு செய்தியன்று. ஒரு பழம்படத்தின் இருள் அறையினுடையதா, அளவீட்டினுடையதா, அச்சினுடையதா என்று கேட்டபின்பே அதைச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

ஆகவே, தெருவுக்கும் கிடங்குக்கும் இடையே விரைந்து படமெடுப்போர் மாறுவதில் பொருளுண்டு. நிதானமாக ஆவணப்படுத்துவோருக்கு, பொருளின் மீது விழும் ஒளியை அளக்கும் கையடக்க ஒளிமானியே போதும். சுவரின் நிறம் அதனை ஏமாற்றாது.