முதியோர் உதவித்தொகையும் நமது கடமையும்

முதியோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்கிறோம். பேணப் பிள்ளைகளே இல்லாதோர் கதி என்ன? இதற்கு விடையாகவே, காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1962 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநில அரசு ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் வழங்கத் தொடங்கிற்று. மைய அரசின் தேசியத் திட்டம் வந்தது 33 ஆண்டுகளுக்குப் பின், 1995-இல்தான். தமிழகத்தில் இத்தொகை 2011-இல் 1000 ரூபாயாகவும், 2023-இல் 1200 ரூபாயாகவும் உயர்ந்தது.

ஆயினும், திட்டம் தானாக வீடு தேடி வருவதில்லை. மனு எழுதத் தெரியாத பாட்டிக்குத் தாலுகா அலுவலகப் படியே மலையாகத் தெரியும். அன்று மணியார்டரில் வந்த பணம் பின்னர் வங்கி வழியானது. தேய்ந்த விரலின் ரேகை பதியாமல் வெறுங்கையோடு திரும்புவோரும் உண்டு.

1833-இல் பாரிசில் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையின் வீட்டுக்கே செல்வதைத் தன் முறையாகக் கொண்டது. நமக்கும் அதுவே வழி. வயதுச் சான்று இல்லாதவருக்கு நம் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு துணை செய்யக்கூடும். மனு எழுதித் தரவும், கூடச் சென்று வரவும் தெருவுக்கு ஒருவர் முன்வருவாரானால், இந்த ஜூபிலியின் நற்கனி அதுவேயாகும்.